புகைப்புரையில் காய வைத்த இறக்கை

என் மகளுக்கு ஐந்து வயது. அவள் அப்பா கல்ஃபில் வேலை பார்க்கிறார். மாலையில் அவர் வீடியோவில் அழைத்தால் அவள் கோழிக்கூட்டுப் பக்கம் ஓடிவிடுவாள். "ஒரு வார்த்த பேசு மக்ளே" என்று நான் பின்னால் போய்க் கெஞ்சுவேன். இழுத்து வந்தாலும், "சாப்ட்டியா?" என்று அவர் கேட்பதற்குப் பதில் வராது. நான் இடையில் புகுந்து, இன்றைக்கு என்ன மீன் வாங்கினோம் என்று சொல்லத் தொடங்குவேன்.

இதைக் கொஞ்சம் மாற்றியது ஒரு பழைய பிளாஸ்டிக் விமானம். அவரோடு வேலை செய்தவர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன பெட்டி. வயதில் எங்கள் இருவருக்கும் மூத்தது. உள்ளே இருந்த துண்டுகளை ஒட்டினால் குண்டு வீசும் விமானம் வரும். என் கணவருக்கு அதைப் பயணிகள் விமானமாக மாற்ற ஆசை. போன லீவில் அதன் கண்ணாடி மூக்கை அறுத்தெடுத்ததோடு லீவு முடிந்துவிட்டது. மீதியை அவர் போனில் சொல்லச் சொல்ல நான் செய்தேன். துப்பாக்கி வைக்கும் ஓட்டைகளை ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியை வெட்டி அடைத்தேன். பக்கவாட்டில் ஜன்னல்கள் துளைத்தேன். ஒரு நாள் மகள் தானாகவே வந்து என்னருகில் உட்கார்ந்து, "எட்டு ஜன்னல் போட்டாச்சு" என்று போனைப் பார்த்துச் சொன்னாள். அன்றிலிருந்து என்ன ஆனாலும் இதை முடித்தே தீர வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது.

விமானத்துக்கு அந்தப் பிடிவாதம் இல்லை. பெட்டியோடு வந்த பசை கல்லாகியிருந்தது. பழைய பிளாஸ்டிக், கத்தி பட்டால் பிஸ்கட் போல உடைந்தது. நனைத்து ஒட்ட வேண்டிய ஸ்டிக்கர் எழுத்துகளைத் தண்ணீரில் போட்டேன்; மஞ்சள் தூளாக மிதந்தன. வேறு பசை வாங்கி ஒட்டிய பிறகும் இறக்கையின் இரண்டு பாதிகளுக்கு நடுவே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. கோட்டாறுக்குப் போய் கார் பெயின்ட் கடையில் அதை அடைக்கப் பட்டி வாங்கி வந்து பூசினேன். எங்கள் குலசேகரத்தில் ஆனி மழை. மூன்று நாளாகியும் பட்டி காயவில்லை. தொட்டால் விரலில் ஒட்டியது.

மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏட்டி, இதுக்கா ஒன்ன எம்.எஸ்சி. படிக்க வச்சாவ? பொகப்பெரையில வையி. ரெண்டு மணிக்கூர்ல காயும்."

அடுப்பு மூட்டி ரப்பர் ஷீட்டை உலர்த்த வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு புகைப்புரை உண்டு. மழைக்காலத்தில் மகளின் யூனிபார்மும் அங்கேதான் காயும். சூட்டில் பிளாஸ்டிக் என்ன ஆகும் என்று யோசிக்காமல் இல்லை. வேதியியல் படித்தவள் நான். ஆனால் மாமியார் சொன்னதை மறுத்தால் மரியாதையாக இருக்குமா என்றும் யோசித்தேன். ஷீட் தொங்கும் இரண்டு மூங்கில் கம்புகளின் மேல் இறக்கையைக் குறுக்காக வைத்துவிட்டு மாவாட்டப் போனேன்.

திரும்பி வந்தபோது பட்டி நன்றாகக் காய்ந்திருந்தது. இறக்கை நடுவில் குழிந்து, நுனி வாடிய வெற்றிலை போலத் தொங்கியது.

மறைத்துவிடலாம் என்று நினைத்தேன். மாலையில் போன் வந்ததும் மகள் முந்திக்கொண்டாள். "அம்ம செறக பொகப்பெரையில வச்சு வளச்சிட்டா."

"காட்டு" என்றார். காட்டினேன்.

"என்னட்டி செஞ்சு வச்சிருக்க? இந்த கிட்டு இனி எங்கயும் கெடைக்காது, தெரியுமா?"

"மழையில காயல்லன்னா நான் என்ன செய்ய? நீங்க மூக்க அறுத்துப் போட்டுட்டு போயிட்டிய. மிச்சத்த ஆரு செய்வா?"

"தெரியல்லன்னா என்ட்ட கேக்கப்பிடாதா? ஒரு போன் போட என்ன வலி?"

"ஒங்க அம்மைதான் சொன்னாவ" என்று சொல்ல வாயெடுத்தேன். அடுக்களை வாசலில் மாமியார் நின்றிருந்தார். விழுங்கிக்கொண்டேன். அந்தப் பக்கம் அவர் போனை வைத்துவிட்டார். மகள் கோழிக்கூட்டுக்குப் போய்விட்டாள். இத்தனை வாரம் பட்ட பாடு ஒரே நாளில் வீண். ஏன் மாவாட்டப் போனேன்? ஏன் அடுப்புக்குத் தள்ளியிருந்த கம்பில் வைக்கவில்லை?

மறுநாள் அவரே அழைத்தார். குரல் தணிந்திருந்தது. சூடான தண்ணீரில் முக்கி மெதுவாக நிமிர்த்தச் சொன்னார். போனைச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு, பாத்திரத்தில் இறக்கையை இறக்கினேன். மகள் எட்ட நின்று பார்த்தவள், மெல்ல வந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள். நுனி இளகியது. கொஞ்சம் நிமிர்ந்தது. இன்னும் கொஞ்சம் என்று அழுத்தினேன். தண்ணீருக்குள் டப்பென்று ஒரு சத்தம். ஒட்டிய இடம் நெடுகப் பிளந்துவிட்டது.

"என்ன சத்தம்?" என்றார் அவர். பாத்திரத்தின் உள்பக்கம் அவருக்குத் தெரியாது.

நான் வாய் திறப்பதற்குள் மகள் போனுக்கு முன்னால் முகத்தைக் கொண்டுபோனாள். "ஒண்ணும் இல்ல அப்பா. கரண்டி விழுந்து."

அவர் கேட்ட கேள்விக்கு அவள் சொன்ன முதல் பதில் அது. அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து நாளாகியிருந்தது. அவள் சொன்னதைத் திருத்துவதா வேண்டாமா என்று தெரியாமல், பிளந்த இறக்கையைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.