கார் டிக்கியடியில் ஒரு விரதக்காரன்

லண்டனில் எங்கள் ஆட்களின் கல்யாணத்துக்கோ, பெண்பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கோ போனால் விழா இரண்டு இடத்தில் நடக்கும். மண்டபத்துக்குள்ளே ஐயர், மணவறை, வீடியோக்காரர். வெளியே கார்ப் பார்க்கில் யாரோ ஒருவருடைய கார் டிக்கி திறந்திருக்கும். அதைச் சுற்றிப் பட்டு வேட்டி கட்டிய ஆண்கள் நிற்பார்கள், கையில் பிளாஸ்டிக் கப். பல வருடங்களாக நான் இரண்டாவது விழாவுக்குத்தான் போய்வந்தேன். மணப்பெண் எப்படி இருந்தாள் என்பதைப் பிறகு அல்பத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

ஒருநாள் காலையில் மனைவி சத்தம் போடாமல் சொன்னாள்: "இன்னொருக்கா உங்களிலை சாராயம் மணந்தால் நானும் பிள்ளையும் அண்ணையிட்டைப் போயிடுவம்."

அண்ணை என்பது ஹவுன்ஸ்லோவில் இருக்கும் என் மச்சான். அந்த டிக்கி பெரும்பாலும் அவருடையதுதான். அங்கே போனால் இதைவிட மணக்கும் என்று சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் அழுதிருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு தேவாலயத்தின் பின்பக்க அறையில், குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் செவ்வாய்தோறும் கூடுவார்கள். போனேன். தேத்தண்ணி, பிஸ்கட், வட்டமாகப் போட்ட கதிரைகள். தன்னால் முடியாது என்று ஒத்துக்கொண்டு, தன்னைவிடப் பெரிய ஒரு சக்தியிடம் பாரத்தை ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. முருகனுக்கும் எனக்கும் நெடுநாளாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஊரில் சண்டைக்காலத்தில் பங்கருக்குள் இருந்து கூப்பிட்டபோது வராதவர், இப்போது விசா எடுத்து லண்டனுக்கா வரப்போகிறார்?

அங்கே எனக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் ஒரு மன்னார்க் கத்தோலிக்கர். ஹீத்ரோவில் பெட்டி ஏற்றும் வேலை. "எந்தக் கடவுளெண்டாலும் பரவாயில்லை அண்ணை," என்றார். "அது நீங்களில்லை எண்டு விளங்கினால் இப்போதைக்குப் போதும்." என்னை யாரும் அவ்வளவு மரியாதையாக அவமானப்படுத்தியதில்லை.

கடவுள் பிறகு, முதலில் டிக்கியைச் சமாளிக்க வேண்டும். மருந்து எடுக்கிறேன் என்றால், "நானும்தான் எடுக்கிறன், ஒண்டும் செய்யாது" என்பார்கள். கார் ஓட வேண்டும் என்றால், "மனிசி ஓடுவா" என்பார்கள். டொக்டர் குடிக்கக் கூடாதென்றார் என்று சொல்லலாமென்றால் அந்த டொக்டரே டிக்கியடியில் நிற்பார். ஒருநாள் வேறு வழியில்லாமல், "நான் விரதம்" என்றேன். நீட்டிய கப் அப்படியே பின்வாங்கியது. பக்கத்தில் நின்றவர் என்னில் முட்டிவிடாமல் தள்ளி நின்றார். விரதம் என்றால் எங்கள் ஆட்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

ஆனால் கப் போன கையோடு மட்டன் ரோல் தட்டும் போய்விட்டது. விரதக்காரனுக்கு மச்ச மாமிசம் ஆகாதே! நான் விட நினைத்தது ஒன்று, என்னைவிட்டுப் போனது இரண்டு.

அன்று கந்தசஷ்டி என்று சொல்லித் தப்பினேன். அது முடிந்ததும் கார்த்திகைச் சோமவாரத்தைப் பிடித்தேன். பிறகு பிள்ளையார் கதை, திருவெம்பாவை, சிவராத்திரி, பங்குனித் திங்கள். ஒன்றும் அகப்படாத கிழமைகளில் குலதெய்வத்துக்கு நேர்த்தி என்றேன்.

"இந்த வருஷம் உங்களுக்கு ரெண்டாந்தரமும் கந்தசஷ்டி வந்ததாம்," என்று மனைவி சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலம். அதற்காகவே மூன்றாந்தரமும் வரவைக்கலாம் போலிருந்தது.

பெரிய பக்திமான் என்று பெயர் வந்துவிட்டது. கோயில் திருவிழாவில் சாமி தூக்க முன்னுக்கு விட்டார்கள். கண்ணை மூடாவிட்டால் சந்தேகம் வரும் என்று மூடிக்கொண்டு நின்றேன். சும்மா மூடிக்கொண்டு நிற்பது அலுப்பாக இருந்ததால் முருகனோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். பல கிழமை, வெள்ளிதோறும் கோயிலில் நின்று பிடித்தேன். ஒருநாள் பார்த்தால், சண்டைக்கு நடுவே, "இண்டைக்கு மட்டும் என்னைப் பார்த்துக்கொள்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் வரும்போது வெட்கமாக இருந்தது. இல்லாத ஆளோடு யாராவது இவ்வளவு காலம் சண்டை பிடிப்பார்களா?

அப்படியிருக்க, ஒரு வெள்ளிக்கிழமை பலசரக்குக் கடைக்கு வெளியே காரை நிறுத்தி, உள்ளே குனிந்திருந்து ஒரு மட்டன் ரோலைக் கடித்தேன். கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். கோயிலில் அன்னதானம் பார்க்கும் அக்கா.

"தம்பி, இண்டைக்கு வெள்ளியெல்லோ?"

"மரக்கறி ரோல் அக்கா," என்றேன், வாய் நிறைய ஆட்டிறைச்சியோடு. மணம் என்னைக் காட்டிக்கொடுத்தது. நான் வீடு வந்து சேருமுன் வைபரில் செய்தி ஹவுன்ஸ்லோ வரை போய்விட்டது.

எல்லோருக்கும் அது சிரிப்பு. எனக்கு அப்படியில்லை. மானம் போனது பெரிதில்லை. இனி விரதம் என்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். அடுத்த நாளே ஹவுன்ஸ்லோவில் உறவுக்காரப் பிள்ளை ஒன்றுக்குச் சாமத்தியவீடு.

நேரே மண்டபத்துக்குள் போய்விட நினைத்தேன். மச்சான் கார்ப் பார்க்கிலேயே பிடித்துக்கொண்டார்.

"வாரும் ஐசே, மட்டன் விரதக்காரர்! இண்டைக்குத் தப்பேலாது."

டிக்கியடியில் எல்லோரும் சிரித்தார்கள். கப் என் கைக்கு வந்துவிட்டது. விஸ்கி மணம் மூக்கில் ஏற, வாய் ஊறியது. ஒரு வாய்தானே என்று தோன்றியது. மண்டப வாசலில் மகளின் கையைப் பிடித்தபடி மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். முன்பு எச்சரித்த அந்தக் காலையில் பார்த்த அதே முகம்.

கண்ணை மூடினேன். இந்த முறை யாருக்கும் காட்டுவதற்காக அல்ல. முருகா, என்னிடம் ஒரு பொய்யும் மிச்சமில்லை, நீயே ஏதாவது சொல்லு என்றேன்.

"மச்சான், நான் குடிகாரன்," என்றது என் வாய். "ஒண்டு எடுத்தால் என்னாலை நிப்பாட்ட ஏலாது."

கப்பை டிக்கிக்குள் வைத்தேன். வைத்த வேகத்தில் கொஞ்சம் மச்சானின் பட்டு வேட்டியில் சிந்தியது. மச்சான் வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அதுக்கேன் ஐசே மட்டன் ரோலை விட்டனீர்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு மனைவியிடம் போனேன். அவள் கிட்ட வந்து என் வாயை மணந்து பார்த்தாள். பிறகு மகளின் மற்றக் கையை என்னிடம் தந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் மச்சான் வந்து என் பக்கத்தில் இருந்தார். அவருடைய தட்டில் இரண்டு மட்டன் ரோல். ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டார். மற்றதைத் தின்னாமல் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"தங்கச்சி இப்பத்தான் சொன்னவள், நீர் போற அந்தக் கூட்டம்," என்றார் மெதுவாக, "என்ன கிழமை?"

"செவ்வாய்."

"செவ்வாயிலை நான் விரதமெல்லோ," என்றார், தட்டைப் பார்த்தபடி.

"நல்லதாப் போச்சு மச்சான்," என்றேன். "அங்கை வாற எல்லாரும் விரதம்தான்."