பத்துக்குப் பத்து அறைக்கு ஒரு லென்ஸ்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டு இடைவேளையில் ஜெயசீலி என் எதிரே வந்து உட்கார்ந்தாள். ஓசூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் அதே கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் இருப்பவள். அதிகம் பேசமாட்டாள்.

"மேடம், நீங்க என்னமோ பெரிய லென்ஸ் வாங்கப் போறீங்களாமே. சின்ன ரூம்ல ஒம்போது பேரு நின்னா அதுல வருமா?"

நான்கு மாதங்களாக நான், அகலமான காட்சியை ஒரே படத்தில் அடக்கும் அல்ட்ரா வைடு லென்ஸ் பற்றிப் படித்துக்கொண்டிருந்தது கேன்டீனுக்கே தெரியும். எதை வாங்குவது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. எதற்கு வாங்குகிறேன் என்று தெரிந்தால்தானே? தளி மலையை அப்படியே அள்ளிக்கொண்டு வரலாம் என்று ஒரு கனவு. நண்பரிடம் இரவல் வாங்கி எடுத்தும் பார்த்தேன். மேகம் வந்தது... மலை ஏதோ வரப்பு மாதிரி வந்தது.

"எந்த ரூம்?" என்றேன்.

சொன்னாள். அவளுடைய அப்பா கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பாலிஷ் போட்டவர். மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம். வலது கை, வலது கால் போய்விட்டது. முகமும் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. லைன் வீட்டின் ஒரே அறையில், கட்டிலோடு கட்டிலாக இருக்கிறார்.

தங்கைக்கு நிச்சயம் நடந்தபோது போட்டோகிராபர் அறைக்குள் நின்று பார்த்திருக்கிறார். எப்படி நின்றாலும் பாதிப் பேர்தான் தெரிந்தார்கள். "அவரை வெளிய தூக்கிக்கினு வாங்க" என்றிருக்கிறார். நாற்காலியில் வைத்துத் தெருவுக்குத் தூக்கி வந்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. கையில் இருந்த துண்டால் அவர் முகத்தை மூடிக்கொண்டார். துண்டை எடுக்கவேயில்லை.

"அதுலருந்து போட்டோன்னாலே வேணாங்கறாரு மேடம். கல்யாணத்துக்கு சர்ச்சுக்கும் வரமாட்டாராம். அவரில்லாம எனக்கும் போட்டோ வேணாங்கறா தங்கச்சி. ரெண்டு பேருக்கும் நடுவுல எங்கம்மா அழுவுது. சர்ச்சுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி, அவரைத் தூக்காம ரூம்லயே ஒண்ணு எடுத்துட்டா ரெண்டு பேரும் ஒத்துக்குவாங்க."

மறுநாளே பெங்களூர் பஸ் ஏறினேன்.

கடைக்காரர் பாதித் தமிழ், பாதிக் கன்னடம். நான் ஆசைப்பட்டிருந்த லென்ஸைக் கைகாட்டினேன். இருப்பதிலேயே அகலம் அதுதான்.

"எதுக்கு சார்... ஸாரி, மேடம்?"

"ஒரு ரூமுக்கு."

அவர் சிரிக்கவில்லை. ஸ்டாக் வைக்கும் குறுகலான அறைக்குள் கடை ஆட்கள் ஐந்து பேரை நிற்க வைத்து, அந்த லென்ஸை மாட்டி எடுக்கச் சொன்னார். ஐந்து பேரும் வந்தார்கள். ஆனால் ஓரத்தில் நின்றவரின் தலை பூசணிக்காயாக நீண்டிருந்தது.

"பேடா மேடம். இது வேணாம். இன்னொண்ணு தரேன். கொஞ்சம் அகலம் கம்மி, ஆனா கோடு வளையாது. ஓரத்துல யாரையும் நிக்க வெக்காதீங்க. நடுவுல இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

ஏற்கெனவே ஒரு பக்கம் இறங்கிய முகம். அதை இன்னும் இழுத்து வைக்க நான் யார்? இரண்டாவதையே வாங்கிக்கொண்டேன். நான்கு மாதக் குழப்பம் நான்கு நிமிடத்தில் தீர்ந்தது.

கல்யாணத்தன்று காலை ஆறரைக்கே போய்விட்டேன். அறையில் பாதி கட்டில். எதிர்ச் சுவரில் இரும்பு பீரோ. அதற்கு முன்னால் நான் நின்றால், எந்த லென்ஸாக இருந்தாலும் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நிற்பவர்கள் ஓரத்துக்குப் போய்விடுவார்கள். இன்னும் இரண்டடி பின்னால் போக வேண்டும்.

"நான் ஓரத்துல நிக்கிறேன் மேடம். என் மூஞ்சி எப்படி வந்தா என்னா?" என்றாள் ஜெயசீலி.

மூன்று வருடமாக அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டிவிட்டு ஷிஃப்டுக்கு ஓடி வருகிறவள் அவள்.

"யாரும் ஓரத்துல நிக்க வேணாம். பீரோ வெளிய போகட்டும்" என்றேன்.

ஜெயசீலியின் கணவரும் இரண்டு சித்தப்பாக்களும் சேர்ந்து பீரோவைத் தெருவில் கொண்டுபோய் வைத்தார்கள். பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பீரோவ எதுக்கு எடுக்கறீங்க?"

"உங்கள நகத்தக் கூடாதுன்னுதான்யா" என்றேன்.

ஜெயசீலி தலையணைகளை முதுகுக்கு அணையாகக் கொடுத்து உட்கார வைத்தபோது அவர் தடுக்கவில்லை. துண்டு மடியிலேயே இருந்தது.

அவரை நடுவில் வைத்து, அம்மாவும் கல்யாணப் பெண்ணும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் நெருங்கி நின்றார்கள். படத்தின் ஒரு ஓரத்தில் ஜன்னல். மறு ஓரத்தில் மாதா படம் போட்ட காலண்டர். நான் எதிர்ச் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டேன்.

பெண் குனிந்தாள். அவர் நல்ல கையைத் தூக்கி அவள் நெற்றியில் சிலுவை போட்டார். அவருக்கு அவசரமில்லை. நானும் அவசரப்படவில்லை. அவர் முடித்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் அழுத்தினேன். ஒன்பது பேரும் இருந்தார்கள்.

நாமெல்லாம் வானத்தை அளக்கத்தான் பெரிய சாமான் வேண்டும் என்று நினைக்கிறோம். உண்மையில் பின்னால் நகர இடமில்லாதவர்களுக்குத்தான் அது தேவைப்படுகிறது.

எல்லோரும் வேனில் ஏறப் போனார்கள். அவருக்குத் துணையாகப் பக்கத்து வீட்டம்மா வந்து உட்கார்ந்தார். கேமராவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா... என்னைய மட்டும் தனியா ஒண்ணு எடு" என்றார் மெதுவாக. "கிட்ட வந்து எடு. மூஞ்சி தெரியணும்."

வைடு லென்ஸோடு கிட்டப் போனால் மூக்கு மட்டும்தான் தெரியும். புது லென்ஸைக் கழற்றிவிட்டு, கேமராவோடு வந்த சாதாரண லென்ஸை மாட்டினேன். அதற்குள் அவர் துண்டால் வாயோரத்தைத் துடைத்து, தலையை நேராக்கிக்கொண்டு தயாராக இருந்தார்.

என் வீட்டுக்காரர் கேட்கிறார், புது லென்ஸில் இன்னும் தளி மலை எடுக்கவில்லையா என்று. மலை எங்கே போய்விடப் போகிறது?