மேஜருக்கு ஒரு சட்டி கூழ்

போன வாரம் ஒரு நாயைக் கொல்லப் பார்த்தேன். வேண்டுமென்று இல்லை... சொன்ன சொல் தட்டாமல், ரொம்ப மரியாதையாக.

எங்கள் தெருவில் பட்டாளத்தார் ஒருவர் இருக்கிறார். பட்டாளத்தில் நாய் பழக்குகிற வேலை பார்த்து, ஹவில்தாராக ரிட்டயர் ஆகித் திண்டுக்கல்லுக்கே திரும்பி வந்தவர். ஆறடி உயரம். பேசினால் பக்கத்து வீட்டு ஓடு அதிரும். அவர் வளர்ப்பது ஒரு வெள்ளை ராஜபாளையம். பெயர் மேஜர். மேஜருக்கே உத்தரவு போடுகிற ஹவில்தார் இந்த ஊரில் அவர் ஒருத்தர்தான்!

மனிதருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. இருப்பது மேஜர் மட்டும். அதை விட்டுவிட்டு மூன்று நாள் பழனிக்குப் போக வேண்டி வந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, காலையில மேஜரக் குளத்துப் பக்கம் ஓட விடணும். முதல்ல வார்ம் அப். ஓடி முடிச்சதும் கூல் டவுன். மறந்துட்டா நாய்க்கு ஆபத்து. புரியுதா?"

"புரியுதுங்கய்யா!"

என்ன புரிந்தது? நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்கு ஒதுங்கியவன் — அன்றைக்கும் லீவு. என் காதில் விழுந்தது இதுதான்: முதலில் 'வாரும் அப்பு'. கடைசியில் 'கூழு'. கூடவே ஒரு 'டவுனு' — சரி, கூழை டவுனில் வாங்கணும் போல!

திருப்பிக் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த மீசையைப் பார்த்துக்கொண்டு, "அப்படின்னா என்னங்க?" என்று கேட்க யாருக்குத் தைரியம் வரும்? தலையாட்டுவது சுலபம்.

மறுநாள் காலை மேஜர் முன்னால் கைகட்டி நின்றேன். "வாரும் அப்பு" என்றேன். தலையைச் சாய்த்துப் பார்த்தது. பட்டாளத்து நாய், மரியாதை எதிர்பார்க்கும் என்று இன்னும் இரண்டு தடவை சொன்னேன். பிறகு குளத்துக்குக் கூட்டிப்போய்ச் சங்கிலியை அவிழ்த்தேன்.

குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கருவேலம் புதரிலிருந்து ஒரு முயல் கிளம்பியது. அவ்வளவுதான்... மேஜர் துப்பாக்கிக் குண்டு மாதிரி பறந்தது. பின்னாலேயே ஓடி நான் மூன்று இடத்தில் விழுந்தேன். முயல் தப்பியது. நாய் திரும்பி வந்தபோது நாக்கு தரையைத் தொட்டது, விலா துருத்தி மாதிரி போய்ப் போய் வந்தது.

நேரே வீட்டுக்கு இழுத்து வந்து, டவுன் கடையில் வாங்கி வைத்திருந்த கம்பங்கூழை ஒரு பெரிய சட்டி நிறைய ஊற்றினேன். மூச்சு வாங்க வாங்க நக்கித் தீர்த்தது. இன்னொரு அரைச் சட்டியும் ஊற்றினேன். என் கணக்கில் தாராளம்!

அரை மணி நேரம் ஆகியிருக்கும். மேஜர் எழுந்தது. படுத்தது. மறுபடி எழுந்தது. குமட்டியது — நுரையைத் தவிர ஒன்றும் வரவில்லை. திரும்பித் தன் வயிற்றைத் தானே பார்த்தது. நானும் பார்த்தேன்.

வயிறு பெருத்துக்கொண்டிருந்தது. தொட்டால் தவில் மாதிரி இறுக்கம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் பயந்தது நாய்க்காக இல்லை. பட்டாளத்தார் வீட்டுச் சுவரில் தொங்குகிற துப்பாக்கியை நினைத்துத்தான். அப்புறம் மேஜர் மெதுவாக வந்து என் மடியில் தலையை வைத்தது. நான்தான் இப்படிப் பண்ணினேன் என்று அதற்குத் தெரியவில்லை. அப்போது வந்தது பாருங்கள், நிஜமான பயம்!

தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். ஜட்கா வண்டிக்கார பாய் வந்துகொண்டிருந்தார்.

"பாய், மாட்டாஸ்பத்திரிக்கு விடுங்க! வெரசா!"

"என்ன அப்பு, நாய் வயிறு இப்பிடி வீங்கிருக்கு? என்னத்தக் குடுத்த?"

"ஓடிட்டு வந்துச்சு... கூழு குடுத்தேன்."

"ஓடி வந்த சூட்டோடவா? அட, கிறுக்கா! என் குதிரை ஓடி வந்தா நான் ஒடனே தொட்டிக்கா கொண்டு போவேன்? செத்த நேரம் கையில பிடிச்சு நடத்தி, மூச்சு அடங்குன பொறவுதான் தண்ணியே காட்டுவேன். காலையில பூட்டுனாலும் அப்பிடித்தேன். தெருமுக்கு வரைக்கும் நடை, அப்பறந்தேன் ஓட்டம்."

வழி நெடுகத் திட்டினார். குதிரையையும் பறக்கவிட்டார். மேஜர் கண்ணை மூட மூட, "ஏ அப்பு, முழிச்சுக்க" என்று நான் கெஞ்சிக்கொண்டே வந்தேன்.

டாக்டர் வயிற்றைச் சுண்டிப் பார்த்தார். முகம் மாறியது. ஓட்டை போட்ட ஒரு மரக்கட்டையை வாயில் கொடுத்து, அதன் வழியாக ரப்பர் குழாயை இறக்கினார். நான் மேஜரின் கால்களைப் பிடித்திருந்தேன். குழாய் பாதியில் நின்றது. எடுத்தார். மறுபடி இறக்கினார். நான் மூச்சு விடவில்லை.

புஸ்ஸ்ஸ்...

காற்று வந்தது. பின்னாலேயே கூழும் வந்தது. என் சட்டை முழுக்க!

"இரைப்பை முறுக்கியிருந்தா என் கையில ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். "யாருய்யா கூழ் குடுக்கச் சொன்னது?"

"பட்டாளத்தார்தாங்க. கூழு டவுனுன்னாரு."

கம்பவுண்டர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். டாக்டர் சிரிக்கவில்லை. "கூல் டவுன்னா ஆற விடுறது. ஓடுனப்புறம் பத்து நிமிஷம் மெதுவா நடத்தணும். சாப்பாடு ரொம்பக் கழிச்சு."

"அப்ப வாரும் அப்பு?"

"ஓடுறதுக்கு முன்னாடி நடத்தி உடம்பச் சூடாக்குறது!"

பாய் சொன்ன அதே சங்கதி. இங்கிலீஷில் சொன்னதும் எனக்கு எமனாகிவிட்டது.

மூன்றாம் நாள் பட்டாளத்தார் மொட்டைத் தலையோடு வந்து இறங்கினார். மேஜர் வாலாட்டியது. நான் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் தரையில் உட்கார்ந்து நாயின் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தார்.

கடைசியில் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நாளையிலருந்து நானும் வாரேன். முதல்ல ஸ்லோ ட்ராட். புரியுதா?"

என் தலை தானாக ஆடத் தொடங்கியது. நிறுத்தினேன்.

"புரியலீங்கய்யா. அப்படின்னா என்ன?"

முறைத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த ஆறடி மனிதர் முழங்காலைத் தூக்கித் தூக்கி முற்றத்தைச் சுற்றி மெல்ல ஓடியே காட்டினார்.

கேட்டதில் எனக்கு அரை நிமிஷம் வெட்கமாக இருந்தது. அம்புட்டுத்தான்!