இருபது தடவை நன்றி

மருந்துக்கடை மாடியில் இருந்த இரண்டு அறைகளில் பதினெட்டு வருடமாக ஊராரின் கைகால்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் பிசியோ அக்கா. கடவுளைப் பற்றி அவளுக்குத் தனியாகக் கருத்து எதுவும் இல்லை. முழங்காலைப் பற்றி நிறைய இருந்தது.

பக்கவாதம் வந்து இடதுகால் விழுந்துபோன தையல்காரர் எட்டு மாதம் அவளிடம் வந்தார். வீட்டில் பயிற்சி செய்தீர்களா என்றால் செய்தேன் என்பார். காலைத் தொட்டாலே பொய் தெரிந்துவிடும். கெஞ்சியும் அதட்டியும் ஒருவழியாகக் கோலில்லாமல் பத்தடி நடக்க வைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக் கூடத்து மேடையில் அவர் கோலை வீசிவிட்டு அதே பத்தடியை நடந்து காட்டினார். கூட்டம் அழுதது.

மூச்சிரைக்க வந்து செய்தி சொன்னவள் நாத்தனார். "அண்ணி, பிரசங்கம் பண்ற பெரியவர் டெய்லர் தலையில கை வெச்சாரு, மனுஷன் நடந்துட்டாரு."

"பாதம் தரையில உரசுச்சா?"

"கொஞ்சம் உரசுச்சு."

"அப்ப இன்னும் மூணு மாசம் வரணும்."

அவர் வரவில்லை. குணமானவன் சிகிச்சைக்குப் போனால் அருளைச் சந்தேகிப்பதாகிவிடும் என்று மனைவியிடம் சொல்லி அனுப்பினார். ஐந்தாவது வாரம் குளியலறையில் விழுந்தார். நெற்றியில் நான்கு தையல். அவருக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது என்று கூடத்தில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டபோதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேராகப் பெரியவரிடம் போனாள். அற்புதத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆளை அனுப்புங்கள் என்று மட்டும் கேட்டாள். அனுப்பினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவர் நெளிந்தார்.

"சரி, வர வேணாம். நன்றியாவது சொல்லணும்ல? காலைல இருபது தடவை, சாயங்காலம் இருபது தடவை. பாதத்தைத் தூக்கித் தூக்கி."

பெரியவர் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "எழுதிக் குடும்மா" என்றார்.

அந்த வாரமே மேடையிலிருந்து கட்டளை வந்தது. எட்டு மாதம் அவளை ஏமாற்றிய ஆள், கடவுளை ஒருநாள்கூட ஏமாற்றவில்லை. மூன்று மாதத்தில் பாதம் உரசாமல் நடந்தார். பிறகு முழங்கால்காரர்களுக்கு, தோள்பட்டைக்காரர்களுக்கு என்று விதவிதமான நன்றிகள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. மாடியில் கூட்டம் குறைந்தது. தெருவில் நொண்டுகிறவர்களும் குறைந்திருந்ததால் அவளால் குறைசொல்லவும் முடியவில்லை.

திரைச்சீலை தைக்கக் கொடுக்க ஒருநாள் தையல்காரர் கடைக்குப் போனாள். எல்லாம் பெரியவரின் ஆசி என்றார் அவர்; நீங்களும் அப்போது கொஞ்சம் பாடுபட்டீர்கள் என்று மறக்காமல் சேர்த்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்து மிதித்தார். மிஷின் சத்தத்தில் ஓர் இழுவை இருந்தது.

"நன்றி சொல்றதை நிறுத்திட்டீங்களா?"

"அதான் கால் சரியாயிடுச்சே. எப்பவாவது சொல்றதுதான்."

"பெரியவர்கிட்ட சொல்லட்டுமா?"

அவர் மிதியிலிருந்து காலை எடுத்து அங்கேயே தூக்க ஆரம்பித்தார். உதடுகள் எண்ணின. ஒரு பிரசங்கமும் கேட்காமலே தனக்கும் அந்தக் கூடத்துப் பேச்சு வந்துவிட்டதே என்று பிசியோ அக்காவுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இருபது ஆகும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.