எட்டு விசில்

பெருங்களத்தூரில் எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன சமையல் என்று தெரிந்துகொள்ள மூக்கு வேண்டாம், காது போதும். குக்கர் மூன்று விசில் அடித்தால் பருப்பு. ஐந்தாறு போனால் ஆட்டுக்கறி. எட்டைத் தொட்டுவிட்டால் எங்கள் வீட்டுக்கார அம்மா ஜெயஸ்ரீ துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு, மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்ப்பார். எட்டு விசிலுக்கு வேகிற கறி எது என்று அவருக்குத் தெரியும்.

கீழே இரண்டு போர்ஷன். ஒன்றில் நான். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், தனி ஆள், சமையல் என்ற பெயரில் எதையோ பொங்கித் தின்பவன். இன்னொன்றில் ஏஞ்சல், அவள் கணவன் டேனியல், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் ரேஷ்மா. இது ஏஞ்சலின் கதை. அவள் சமைத்தால் எனக்கும் ஒரு கிண்ணம் வரும். ஆகவே நான் நடுநிலையாளன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏஞ்சல் கோடம்பாக்கத்தில் ஒரு கண் மருத்துவமனையில் பில் போடுகிறாள். முன்பு குடியிருந்த வீட்டை ஒரே ஒரு பீஃப் பிரியாணிக்காகக் காலி செய்ய வேண்டி வந்தது. அதற்குப் பிறகு அவள் ஏறி இறங்கிய வீடுகளுக்குக் கணக்கில்லை. பெயரைச் சொன்னதுமே சிலருக்கு வீட்டை நேற்றுதான் வேறு யாருக்கோ கொடுத்தது ஞாபகம் வந்துவிடும். இங்கே ஜெயஸ்ரீயின் கணவர் சம்பத் மட்டும் வெளிப்படையாகப் பேசினார். "நாங்களும் கறி, மீன் துன்றவங்கதாம்மா. ஆட்டுக்கறி பண்ணு, நண்டு பண்ணு. மாட்டுக்கறி மட்டும் வேணாம்." ஏஞ்சல் தலையாட்டினாள். ரேஷ்மாவின் பள்ளிக்கூடம் அடுத்த தெரு, ஸ்டேஷன் நடக்கிற தூரம். அந்த வீட்டுக்காக எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டியிருப்பாள்.

ஆட்டிய தலை ஒரு மாதம்தான் தாங்கியது. ஒரு ஞாயிறு சர்ச் முடிந்து வரும்போது டேனியலின் கைப்பைக்குள் ஒரு பொட்டலம் இருந்தது. குக்கர் எட்டு விசில் அடித்தது. மாடியிலிருந்து குரல் வந்தது.

"இன்னா ஏஞ்சலு, எட்டு விசிலு?"

"கொண்டக்கடலைக்கா!"

அடுத்த ஞாயிறும் கொண்டைக்கடலை. அதற்கடுத்த ஞாயிறும். "இன்னாடி, வாரா வாரம் கொண்டக்கடல துன்னா வயிறு இன்னாத்துக்கு ஆவும்?" என்று ஜெயஸ்ரீ கேட்டபோது அதில் அக்கறை இருந்ததா சந்தேகம் இருந்ததா என்று எனக்கே பிடிபடவில்லை. ஏஞ்சல் அன்றோடு குக்கரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

தேவை வந்தால் மூளை வேலை செய்யும் பெண் அவள். ரயிலில் நின்றுகொண்டே போனில் சமையல் வீடியோ பார்ப்பாள். அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். விசில் இல்லாத மாட்டுக்கறி. அண்டர்கட் என்கிற எலும்பில்லாத இளசான முதுகுக்கறி வாங்கி, ஃப்ரீசரில் பாதி உறையவிட்டு, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே காகிதம் மாதிரி மெல்லிசாகச் சீவிக்கொள்வாள். சோயா சாஸ், மிளகு, கொஞ்சம் சோள மாவு போட்டுப் பிசைந்து டப்பாக்களில் அடைத்துவிடுவாள். வாரநாளில் வேலை முடிந்து செருப்பைக் கழற்றியதும் இரும்புச் சட்டி அடுப்பில் ஏறும். சட்டி புகைய வேண்டும். கறியை ஒரே அடுக்காகப் பரப்பிவிட்டுக் கிளறாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். "அதுதான் கஷ்டம். கை சும்மா இருக்காது" என்பாள். ஓரம் கருகச் சிவந்ததும் கறியை எடுத்து வைத்துவிட்டு, அதே சட்டியில் பூண்டு, வெங்காயம், கேரட், பீன்ஸ், குடமிளகாய். காய் நறுக்கென்று இருக்கும்போதே கறியை மேலே கொட்டி ஒரு புரட்டு. அவ்வளவுதான். ரேஷ்மா யூனிஃபார்ம் மாற்றிவிட்டு வருவதற்குள் தட்டு ரெடி.

"விசில் இல்லாம எப்படி வேகும்?" என்று முதல் நாள் டேனியல் தகராறு செய்தான். அன்றைக்கு மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டவனும் அவன்தான்.

காதை ஏமாற்றியாயிற்று, மூக்கு மிச்சமிருந்தது. ஒரு நாள் ஜெயஸ்ரீ படியிறங்கி வந்து ஜன்னலில் நின்றுவிட்டார்.

"இன்னா அது, வாசன தூக்குது?"

"மீல்மேக்கர்க்கா. சைனீஸ் ஸ்டைல்ல" என்றாள் ஏஞ்சல், கண்ணைக்கூட இமைக்காமல். மறுநாளே ஒரு மீல்மேக்கர் பாக்கெட் வாங்கி, பார்க்கிறவர் கண்ணில் படும்படி ஜன்னலோரம் வைத்தாள். சோயா உருண்டைகள் அந்தப் பாக்கெட்டுக்குள் ஓர் ஆண்டு முழுக்கப் பிரிக்கப்படாமல் காவல் காத்தன.

வம்பு அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஜெயஸ்ரீ சமையல் கேட்க ஆரம்பித்தார். ஏஞ்சலும் மறைக்காமல் சொல்லிக்கொடுத்தாள், கறியைத் தவிர. மீல்மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து, ஒட்டப் பிழிந்து, நீளநீளமாக நறுக்கி, சாஸில் புரட்டி, புகைகிற சட்டியில் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னாள். ஜெயஸ்ரீக்கும் நன்றாகவே வந்தது. அப்புறம் என்ன, தெருவெல்லாம் பெருமை. "எங்க ஏஞ்சலு சொல்லிக்குடுத்தது" என்று பால் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். "அதே கலரு, அதே வாசன" என்று அவர் சொல்லும்போதெல்லாம் ஏஞ்சல் ஏதாவது வேலையிருக்கிற மாதிரி உள்ளே போய்விடுவாள்.

ஆடி வந்தது. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதற்குக் காப்பு கட்டினார்கள். ஜெயஸ்ரீ பால்குடம் எடுக்கிறவர், அவர் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு ஏறியது. கயிறு அவிழ்கிற வரைக்கும் மாடியில் முட்டைகூடக் கிடையாது. ஏஞ்சலும் அந்த நாட்களில் டப்பாக்களைத் தொடக்கூடாது என்றுதான் வைத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகத்தான்.

கெடுத்தது கோயில் சீரியல் செட். தெரு முழுக்கக் கட்டிய விளக்குப் பாரம் தாங்காமல் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து, ஒரு பகல் முழுக்கக் கரண்டு இல்லை. வேலை முடிந்து வந்து ஃப்ரீசரைத் திறந்தால் டப்பாக்கள் ஒழுகிக்கொண்டிருந்தன. ஒன்று சமைக்க வேண்டும், இல்லை குப்பையில் கொட்ட வேண்டும். அவ்வளவு கறியைக் கொட்ட ஏஞ்சலுக்கு மனசு வரவில்லை. ஜன்னலை ஒருக்களித்துவிட்டு மொத்தத்தையும் சட்டியில் ஏற்றினாள். என் மூக்கு என்னைக் கிண்ணத்தோடு அவள் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

அதே மாலை, பள்ளிக்கரணையிலிருந்து ஜெயஸ்ரீயின் நாத்தனார் ஞானாம்பாள் திருவிழாவுக்கு வந்து இறங்கினார். தம்பி சம்பத்தின் வீட்டில் எது குறை என்று பார்ப்பதற்கென்றே பஸ் ஏறுகிறவர் அவர். மாடிப்படி ஏஞ்சலின் சமையலறை ஜன்னலை ஒட்டித்தான் போகிறது. ஒருக்களித்த ஜன்னல் வழியே சட்டியைப் பார்த்தார், மூக்கைச் சுருக்கினார், மேலே போனார். மேலே நாத்தனாரை அசத்துவதற்காக ஜெயஸ்ரீ மீல்மேக்கர் புரட்டிக்கொண்டிருந்தார். அதே கலர், அதே வாசனை.

"காப்பு கட்டிகினு மாட்டுக்கறியாடி துன்ற? கீய வூட்டுக்காரி சட்டியில கீறதுதானே உன் சட்டியிலயும் கீது!" என்று ஞானாம்பாள் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது.

"ஐயோ அண்ணி, அதுவும் மீல்மேக்கர், இதுவும் மீல்மேக்கர்! வா, நானே காட்டறேன்!"

தடதடவென்று படியில் இறங்கி ஏஞ்சலின் சமையலறைக்குள் வந்தார்கள். ஏஞ்சலுக்கு ஜன்னலைச் சாத்தக்கூட நேரமில்லை. நான் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். என் வீரம் அவ்வளவுதான்.

"ஏஞ்சலு, நீயே சொல்லு, இது இன்னாது?"

ஏஞ்சல் கரண்டியைக் கீழே வைத்தாள். ஜெயஸ்ரீக்குப் பொறுக்கவில்லை. "அவ இன்னா சொல்றது, நானே துன்னு காட்டறேன்" என்று சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, நாத்தனாரை முறைத்தபடியே வாய்க்குக் கொண்டுபோனார்.

ஒரு நொடி பேசாமல் இருந்தால் போதும். ஜெயஸ்ரீ தின்றுவிடுவார், மீல்மேக்கர் என்றே நினைப்பார், சண்டை தீரும், வீடு தங்கும். எனக்கு இது தெரிந்தது. ஏஞ்சலுக்கும் தெரிந்திருக்கும், அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. ஆனால் அவள் பாய்ந்து மஞ்சள் கயிறு கட்டிய அந்தக் கையைப் பிடித்துவிட்டாள்.

"அக்கா, வேணாம். அது மீல்மேக்கர் இல்ல."

துண்டு தரையில் விழுந்தது. ஜெயஸ்ரீ அதைப் பார்த்தார், ஏஞ்சலைப் பார்த்தார், ஜன்னலோரம் இருந்த பாக்கெட்டைப் பார்த்தார்.

"பாத்தியா, நான் சொன்னேனே! அப்ப மேல கீறதும் அதான்!" என்று ஞானாம்பாள் குதித்தார்.

"இல்லம்மா. பொய் சொன்னது நானு. அவங்க சட்டியில ஒரு தப்பும் இல்ல" என்றாள் ஏஞ்சல். அழுதுகொண்டே மாடிக்கு ஓடி, ஜெயஸ்ரீயின் சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வந்து ஞானாம்பாள் கண்முன்னே பிய்த்துக் காட்டினாள். உள்ளே பஞ்சுபஞ்சாக ஓட்டை. ஞானாம்பாள் நம்பாமல் அதை வாங்கி நுனிப்பல்லால் கடித்தார்.

"த்தூ. சப்புனு கீது. கறின்னா இப்டியா இருக்கும்?"

எந்தக் கறியைச் சொல்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்க நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன்.

ஜெயஸ்ரீயின் மானம் பிழைத்தது, ஏஞ்சலின் வீடுதான் போய்விட்டது என்று எல்லோரும் நினைத்தோம். அவர் திட்டியிருந்தாலாவது தேவலை. திட்டவில்லை, பேசவுமில்லை. டேனியல் வண்டலூர் பக்கம் வீடு பார்க்கப் போனான். வேறு ஸ்கூலா என்று ரேஷ்மா தினமும் கேட்டாள். ஏஞ்சல் இரும்புச் சட்டியைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்தாள். எனக்கும் கவலைதான். பாதி அவளுக்காக, பாதி என் கிண்ணத்துக்காக.

கூழ் ஊற்றி முடிந்து, காப்பு அவிழ்த்த மறுநாள் ஜெயஸ்ரீ இறங்கி வந்தார்.

"இன்னா, மூட்ட கட்டிகினு கீற?"

"நீங்க சொல்றதுக்கு முன்னாடி நாங்களே போயிடலாம்னுக்கா."

"ஒரு வருஷமா என்ன ஏமாத்திகினு இருந்த. நான் ஊரெல்லாம் உன்னப் பத்தி பீத்திகினு இருந்தேன். எவ்ளோ பேஜாரா கீது தெரியுமா?"

"தப்புதாங்க்கா. உண்மையச் சொன்னா யாரும் வீடு தர்றதில்ல."

ஜெயஸ்ரீ அட்டைப்பெட்டியின் விளிம்பை நிமிண்டினார். "அன்னைக்கு நீ கம்முனு இருந்தா நான் துன்னுருப்பேன். ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. ஏன்டி கையப் புடிச்ச?"

"காப்பு கட்டியிருந்தீங்களேக்கா" என்றாள் ஏஞ்சல்.

ஜெயஸ்ரீ முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அழுகை வந்தால் அதட்டுகிற ஜாதி அவர். பெட்டிக்குள் கைவிட்டுச் சட்டியை எடுத்து, சுற்றியிருந்த காகிதத்தைக் கிழித்து, அடுப்பின் மேல் டங்கென்று வைத்தார்.

"இருந்து தொல. அவர நான் பாத்துக்கறேன். செவ்வாய், வெள்ளி கூடாது. அப்புறம், எனக்குத் தெரியாம சமைக்கக் கூடாது. பழையபடி குக்கர் வை. எட்டு விசில் கேட்டா நான் ஜன்னல சாத்திக்கறேன்."

"இது சட்டியில பண்றதுக்கா. இதுல விசிலே வராது."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வெறுந்தண்ணி ஊத்தி வை. எனக்கு எட்டு விசில் வரணும்."

அப்படித்தான் இப்போது நடக்கிறது. ஒரு அடுப்பில் சட்டி, பக்கத்து அடுப்பில் வெறும் தண்ணீர் ஊற்றிய குக்கர். சட்டிக் கறி வேகமாக முடிகிற சமாச்சாரம். அது வெந்து, தட்டில் விழுந்து, நான் கிண்ணத்தை வழித்து நக்கிய பிறகும் குக்கர் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கும். காஸ் வீணாகிறது என்று டேனியல் முணுமுணுப்பான், ஏஞ்சல் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

போன வாரம் ஒரு நாள் ரயில் தாமதம். களைத்துப் போய் வந்த ஏஞ்சல் அவசரமாகப் புரட்டி இறக்கிவிட்டு, எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் குக்கரை அணைத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தாள். மேலே ஜன்னல் படாரென்று திறந்தது.

"ஏஞ்சலு! ஆறுதான்டி ஆச்சு. இன்னும் ரெண்டு பாக்கி கீது!"