ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுபோன கோயில்

1999 அக்டோபர், வெள்ளிக்கிழமை காலை. நியூவர்க் விமான நிலையத்தில் சோதனை செய்பவர் என் கைப்பையைத் திறந்து, மனைவியின் பருத்திப் புடவையில் சுற்றியிருந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக் காட்டினார். இது என்ன என்று கேட்டார்.

"கோயில்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சிரிக்கும்படி நானும் சொல்லவில்லை. இரண்டு முறை எக்ஸ்ரேயில் ஓட்டிவிட்டுக் கொடுத்தார்.

உள்ளே இருந்தது கோயில்தான். டெக்சஸில் ஆலன் நகருக்குப் பக்கத்து ஊரில் நம்மவர்கள் கட்ட நினைக்கும் கோயில். இப்போதைக்கு டயர் கடையை ஒட்டிய வாடகைக் கிடங்கில் பிள்ளையாரை வைத்துக் கும்பிடுகிறார்கள். நிலம் வாங்கியாயிற்று, நகர சபை அனுமதிதான் பாக்கி. கோபுரம் எப்படி இருக்குமோ, எத்தனை வண்டி வருமோ என்று அக்கம்பக்கத்தார் பயந்ததில் முதல் கூட்டத்தில் முடிவு தள்ளிப்போனது. அடுத்த கூட்டம் திங்கள் மாலை. அதில் காட்ட, கட்டாத கோயிலைக் காரில் சுற்றிப் பார்ப்பதுபோல ஒரு நிமிடக் கம்ப்யூட்டர் படம் கேட்டான் என் கல்லூரித் தோழன் முருகேசன். நியூஜெர்சி எடிசனில் கட்டடங்களைக் கம்ப்யூட்டரில் வரைவதுதான் என் வேலை. இந்தப் படத்துக்குச் சம்பளம் இல்லை, 218 டாலர் டிக்கெட் மட்டும். மூன்று மாதச் சனி ஞாயிறுகள் அதில் போயின.

ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். டாலஸில் இறங்கியதும் முருகேசன் முப்பத்தைந்து மைல் ஓட்டி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நிலத்துக்குக் கூட்டிப்போனான். ஐந்து ஏக்கர் புல். கருவறை வரும் இடத்தில் ஒரு கம்பம், அதில் ஆரஞ்சு ரிப்பன். சுற்றிலும் வானம். எனக்குப் பசித்தது.

சனிக்கிழமை பத்து மணிக்கு அவன் வீட்டு ஹாலில் கமிட்டி கூடியது. படத்தைப் போட்டேன். கார் வாசலில் நுழைந்து, கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி முகப்பில் நிற்கும். எல்லோரும் கைதட்டினார்கள், ஒருவரைத் தவிர. முருகேசனின் மனைவி செல்வி, ஈரோட்டுக்காரர், மென்பொருள் எழுதுபவர்.

"அண்ணா, மறுபடியும் போடுங்க. கோயில் டிரைவர் பக்கமா, இடது கைப்பக்கமா வருதுங்க. நாம அப்பிரதட்சணமா சுத்தறோம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பிளான்ல வண்டி போற அம்பு எப்படிப் போட்டிருக்கோ அப்படித்தான் காரை விட்டேன். பத்து மாசமா பிளான் உங்க கையில இருந்துச்சு. ஒருத்தர் கண்ணுக்கும் தெரியலையா?"

பிளான் வரைந்தவர் அமெரிக்கர். அவரைக் குறை சொல்ல முடியாது. அதைப் பார்த்துத் தலையாட்டியவர்கள் எல்லாம் நம்மவர்கள்.

"பார்க்கிங்தானேம்மா. கார்ல போறதுக்கு ஏது பிரதட்சணம்?" என்றார் ஒரு பெரியவர்.

"அங்கிள், ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எல்லாரும் அப்படிச் சுத்திட்டுத்தான் உள்ளே வரப்போறோம். கட்டறதுக்கு முன்னாடி தெரிஞ்சுதே, சந்தோஷப்படுங்க."

"படத்த ரிவர்ஸ்ல ஓட்டிட்டா?" என்றான் முருகேசன்.

"ஓட்டலாம். வண்டியெல்லாம் பின்பக்கமாவே கோயிலுக்குப் போகும்டா, முட்டாள்."

புதிதாகச் செய்ய ஒரு கம்ப்யூட்டருக்கு நான்கு நாள் ஆகும். நடக்காது என்று சொல்லிவிட்டுப் பையைக் கட்டத் தொடங்கினேன்.

அவர்கள் வாதாடவில்லை. ஞாயிறு காலை ஒவ்வொரு குடும்பமாக வந்து இறங்கியது. வீட்டுக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, குழந்தை சீட்டில் பெல்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். ஹாலில் ஏழு கம்ப்யூட்டர்கள். படத்தைத் துண்டுபோட்டு ஆளுக்கொரு பங்கு கொடுத்தேன். பதினோரு மணிக்கு மொத்தமும் அணைந்தது.

"எவன்டா மிக்ஸி போட்டது?" என்று கத்தினேன்.

"சட்னி வேணாமாடா உனக்கு?" என்றான் முருகேசன்.

"படம் முடியட்டும்!"

பதினைந்து பேர் பொடி தொட்டு இட்லி தின்றார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. என் தட்டில் மட்டும் இட்லி குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். அதற்குமேல் கத்த எனக்கு வாய் வரவில்லை.

திங்கள் காலை பிளான் வரைந்த அமெரிக்கர், தீயணைப்பு வண்டி திரும்ப இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அம்புகளை மாற்றிக் கொடுத்தார். மாலையில் நகர சபைக் கூட்டத்தில் படம் ஓடியது. அம்பு ஏன் திசை மாறியது என்று தலைவர் கேட்டார். செல்வி எழுந்து, கடவுளை வலப்பக்கம் வைத்துச் சுற்றுவது எங்கள் வழக்கம், பிளானில் அதைக் கவனிக்காமல் விட்டது எங்கள் தவறு என்றார். பூசி மெழுகவில்லை. முதல் கூட்டத்தில் எதிர்த்துப் பேசிய, நிலத்துக்கு எதிர்வீட்டுக்காரர், படத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார். பார்த்தார். இந்த முறை எதிர்க்கவில்லை. அனுமதி கிடைத்தது.

செவ்வாய் காலை விமான நிலையத்துக்குக் கிளம்பினோம். எடிசனில் மூன்று வருடமாக இருக்கிறேன். என் கம்ப்யூட்டரை யாரையும் தொட விட்டதில்லை. யார் வீட்டுக் கம்ப்யூட்டரையும் நான் கேட்டதில்லை. இங்கே ஏழு குடும்பம், கேட்காமலே தூக்கிக்கொண்டு வந்தது. அவர்களுக்கு நான் சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

வேனின் பின்சீட்டில் ஏறப் போனவனைச் செல்வி தடுத்தார்.

"முன்னாடி உக்காருங்கண்ணா. அந்தப் பக்கந்தான் சாமி வரும்."

முருகேசன் வழியில் கோயில் நிலத்துக்குள் வண்டியை இறக்கி, கம்பத்தை மெதுவாகச் சுற்றினான். என் பக்கத்துக் கண்ணாடியில் ஆரஞ்சு ரிப்பன் ஆடியது. வெறும் புல்தான். செருப்பைக் கழற்றிவிட்டேன்.