வலப்பக்கத்து ஸ்பீக்கர்

வலிகாமத்துக் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் சுபாஸ்கரன், தன் வீட்டில் பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் ஒரு சோடி ஸ்பீக்கர் வாங்க, மனைவி பிரசாந்தியுடன் மானிப்பாய்க் கடையொன்றில் நின்றார். கடைக்காரர் பாட்டொன்றைப் போட்டார்.

"ரெண்டும் ஒத்துப்போகுதோ, அண்ணை? உங்கடை காதுக்கு மிஞ்சி ஆரிட்டைக் கேக்கிறது?"

"அச்சொட்டாய் ஒரே சத்தம்."

பிரசாந்தி எட்டிப் பார்த்தாள். வலப்பக்கத்து ஸ்பீக்கர் பாடவே இல்லை!

கடைக்காரரும் குனிந்து பார்த்தார். பின்னால் வயர் கழன்று கிடந்தது. நிமிர்ந்தவர் சுபாஸ்கரனையே உற்றுப் பார்த்தார். காது கேளாத ஒலிபெருக்கிக்காரரை இனி எந்தக் கோயில் கூப்பிடும்? சுபாஸ்கரனின் முகம் வெளிறிப்போனது.

பிரசாந்தி வாய்விட்டுச் சிரித்தாள். "உங்களைச் சோதிக்கிறார், தம்பி. வயர் கொழுவாமல் இவருக்கே விக்கப் பாத்தனீங்களோ?"

"ஐயோ அண்ணை, உந்தப் பகிடியை விடுங்கோ!" கடைக்காரரும் சிரித்துவிட்டார்.

தெருவில் இறங்கியதும் அவளுக்குக் கண் கலங்கியது. "எப்ப தொடக்கம் உங்கடை வலக்காது கேக்கேல்லை?"

அவர் பேசாமல் நடந்தார். தான் அவருடைய வலப்பக்கத்தில் நடப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இடப்பக்கமாகச் சுற்றி வந்து, அவர் கையைப் பற்றிக்கொண்டு, மறுபடியும் கேட்டாள்.